‘வந்திருக்கிறேன்’ என்பதும் ‘ஐ ஹாவ் கம்’ என்பதும்

பல வருடங்களுக்கு முன்னர் மட்டக்களப்பு நகரத்திலுள்ள ஓர் அலுவலகத்துக்கு நேர்முகப் பரீட்சைக்காகப் போயிருந்தேன். மேசைக்கு அப்பால் இருந்த பெரியவர் என் விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிக்கொண்டே, மட்டக்களப்பில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பன்னிரண்டு வருடங்களாக வசிக்கிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு நான், “ஐ லிவ்ட் இன் பற்றிக்கலோ ஃபோர் டுவெல்வ் இயர்ஸ்” என்றேன். அவர் தலையை நிமிர்த்தி, “சோ, வேர் டு யூ லிவ் நவ்?” என்று கேட்டார். அப்படியானால் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது அதன் பொருள். கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் கால்மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, ஊரைவிட்டு வெளியேறிவிட்டதாக நானே அறிவித்திருக்கிறேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

அவர் கேலி செய்யவில்லை. என் வசனம் என்ன சொல்லிற்றோ அதையே எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். “ஐ லிவ்ட்” என்றால் வசித்தேன், அந்தக் கதை முடிந்தது. “ஐ ஹாவ் லிவ்ட்” என்று இடையில் ஒரேயொரு சொல்லைச் சேர்த்திருந்தால், அன்று தொடங்கிய வசிப்பு இன்றைக்கும் தொடர்கிறது என்று ஆகியிருக்கும். ஆங்கில ஆசிரியர்கள் பிரசன்ட் பேர்ஃபெக்ட் என்றும் தமிழ் வழி இலக்கண நூல்கள் நிகழ்கால நிறைவு என்றும் குறிப்பிடும் வடிவம் இதுதான். ஆங்கில வசனங்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, கொப்பியில் எழுதும்போது ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு தவறான சூத்திரத்தை அகற்றிவிட வேண்டும். “எப்போதோ முடிந்த செயல் இறந்தகாலம், சற்று முன்னர் முடிந்த செயல் நிகழ்கால நிறைவு” என்று நம்மில் பலர் மனனம் செய்திருக்கிறோம். செயல் நடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதற்கும் இந்த வடிவத்துக்கும் அப்படியொரு நேரடிச் சம்பந்தம் கிடையாது. முப்பது வருடங்களுக்கு முன்னர் ஒரே ஒரு தடவை உகந்தை வழியாகக் காட்டுப் பாதையில் கதிர்காமத்துக்கு நடந்து போன ஒருவர், இன்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு “ஐ ஹாவ் வோக்ட் டு கதிர்காமம்” என்று தாராளமாகச் சொல்லலாம். ஐந்து நிமிடங்களுக்கு முன்னர் தேநீர் குடித்தவரோ, “ஃபைவ் மினிட்ஸ் அகோ” என்ற சொற்களைச் சேர்த்த கணமே “ஹாவ்” என்ற சொல்லைக் கைவிட வேண்டும். “ஐ ட்ராங்க் டீ ஃபைவ் மினிட்ஸ் அகோ” என்பதே சரி. முப்பது வருடம் அனுமதிக்கப்படுகிறது, ஐந்து நிமிடம் மறுக்கப்படுகிறது. ஆகவே விடயம் வேறெங்கோ இருக்கிறது.

‘ஹாவ்’ எந்தக் காலம்?

“ஐ ஹாவ் எ பைசிக்கிள்” என்றால் என்னிடம் சைக்கிள் இருக்கிறது. இங்கே “ஹாவ்” நிகழ்காலம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. “ஐ ஹாவ் ரிட்டன் த லெட்டர்” என்னும்போதும் அந்த “ஹாவ்” அதே நிகழ்காலத்தில்தான் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த வடிவம் உருவான விதமே அப்படிப்பட்டது. எழுதி முடிக்கப்பட்ட நிலையில் கடிதத்தை நான் வைத்திருக்கிறேன் என்ற பொருளில், கிட்டத்தட்ட “ஐ ஹாவ் த லெட்டர் ரிட்டன்” என்ற ஒழுங்கில் சொல்லத் தொடங்கினார்கள். காலப்போக்கில் சொற்களின் ஒழுங்கு மாறி, உடைமையைக் குறித்த வினை துணைவினையாகத் தேய்ந்தது. தேய்ந்த பிறகும் அது நிகழ்காலத்தை விட்டு நகரவில்லை. எழுதிய செயல் பின்னால் கிடக்கிறது, ஆனால் பேசுபவர் நிற்பது இப்பொழுதில். நிகழ்கால நிறைவு என்ற பெயரில் ‘நிகழ்காலம்’ முதலில் வருவது இதனால்தான். இது இறந்தகாலத்தின் ஒரு வகை என்று எண்ணிக்கொண்டு படிப்பவருக்கு எல்லா விதிகளும் தனித்தனிப் பாரமாகத் தெரியும், நிகழ்காலத்தைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்பவருக்கு அந்த விதிகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

தயிர்ச் சட்டியை வைத்துப் பார்ப்போம். கடையிலிருந்து வாங்கிவந்த மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியை ஒரு பிள்ளை வாசற்படியில் தவறவிட்டுவிட்டது. மண்சட்டி மூன்று துண்டாகக் கிடக்கிறது, தயிர் படியிலிருந்து வழிகிறது, ஓலையைக் கட்டியிருந்த கயிறு மட்டும் பிள்ளையின் விரலில் தொங்குகிறது. உள்ளேயிருக்கும் தாயைக் கூப்பிட்டு அது சொல்ல வேண்டிய ஆங்கில வசனம் “ஐ ஹாவ் புரோக்கன் த பொட்” என்பதாகும். உடைத்தது ஒரு நிமிடத்துக்கு முன்னர் என்பதற்காக அல்ல, உடைந்த சட்டி இப்போது கண்முன்னே கிடக்கிறது, மத்தியானச் சோற்றுக்குத் தயிர் இல்லை என்பதற்காக. அதே பிள்ளை அடுத்த கிழமை தன் மாமாவிடம் கதை சொல்லும்போது “ஐ புரோக் எ கேர்ட் பொட் லாஸ்ட் வீக்” என்று சொல்லும். அப்போது சட்டியும் இல்லை, வழிந்த தயிரும் இல்லை, கதை மட்டுமே இருக்கிறது.

தமிழருக்கு இந்த எண்ணம் புதியதன்று. ‘வந்திருக்கிறேன்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘வந்து’ என்ற எச்சமும் ‘இருக்கிறேன்’ என்ற நிகழ்கால வினையும் கிடைக்கின்றன. ஆங்கிலேயர் வைத்திருத்தலைக் கொண்டு கட்டியதை நாம் இருத்தலைக் கொண்டு கட்டியிருக்கிறோம். தொல்காப்பியம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு எனக் காலம் மூன்று என்கிறது, ஆங்கில வகுப்பிலோ பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பிள்ளைகளை மிரட்டுகிறோம். அங்கேயும் காலம் மூன்றுதான், மற்றவை ஒரு செயலை எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைக் காட்டும் கோணங்கள் என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் அச்சம் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுவாய் ஹீ, ஷீ, இட் என்பனவாகவோ ஒருவரின் பெயராகவோ ஒரு பொருளாகவோ இருந்தால் “ஹாஸ்”, மற்ற எல்லாவற்றுக்கும் “ஹாவ்”. அதன் பின்னால் வினையின் மூன்றாவது வடிவம் வரும். சாதாரண வினைகளுக்கு இரண்டாவது வடிவமும் மூன்றாவது வடிவமும் ஒன்றே என்பதால் அங்கே இடறல் இல்லை. இடறல் எல்லாம் கோ–வென்ட்–கோன், சீ–சோ–சீன், ஈட்–ஏட்–ஈட்டன், ரைட்–ரோட்–ரிட்டன் போன்ற, தினமும் வாயில் வரும் ஒரு சிறு கூட்டத்தில்தான். “ஐ ஹாவ் வென்ட்”, “ஐ ஹாவ் சோ” என்று எழுதுபவர் காலத்தைப் பிழைக்கவில்லை, இரண்டாம் வடிவத்தை மூன்றாம் வடிவத்தின் இடத்தில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். கம்–கேம்–கம் என்பது முதல் வடிவத்துக்கே திரும்பிவிடுவதையும், கட், புட் போன்றவை மூன்று வடிவத்திலும் அசையாமல் இருப்பதையும் ஒரு தடவை எழுதிப் பார்த்தால் மறக்காது.

‘நேற்று’ வந்தால் ‘ஹாவ்’ போய்விடும்

நிகழ்காலத்தில் நின்று பேசும் ஒரு வடிவத்துக்குள், முடிந்துபோன ஒரு பொழுதின் பெயரைக் கொண்டுவந்து வைக்க முடியாது. நேற்று, போன கிழமை, மூன்று நாட்களுக்கு முன்னர், 2004இல், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஆகிய எல்லாமே கதவு சாத்தப்பட்ட பொழுதுகள். இவற்றுள் ஒன்று வசனத்தில் இருந்தால் சாதாரண இறந்தகாலமே வர வேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. இதை “எ சைக்குளோன் ஹாஸ் ஹிட் பற்றிக்கலோ இன் நைன்டீன் செவன்டி எய்ட்” என்று எழுதினால் பிழை, “ஹாஸ்” என்ற சொல்லை எடுத்துவிட்டால் சரி. திகதியையே எடுத்துவிட்டு, சூறாவளிகள் இந்த ஊரை முன்னரும் தாக்கியிருக்கின்றன, ஆகவே இன்றைக்கும் அவதானம் தேவை என்ற கருத்தில் “சைக்குளோன்ஸ் ஹாவ் ஹிட் பற்றிக்கலோ பிஃபோர்” என்று எழுதினால் அதுவும் சரி. ஒரே நிகழ்வுதான், ஆண்டைக் குறிப்பிட்டால் ஒரு வடிவம், குறிப்பிடாமல் இன்றோடு பொருத்தினால் இன்னொரு வடிவம்.

இந்த இடத்தில்தான் நம் தாய்மொழி நம்மைப் பிழையான வழியில் இழுத்துச் செல்கிறது என்று நான் நினைக்கிறேன். ‘வந்திருக்கிறேன்’ என்பது “ஐ ஹாவ் கம்” என்பதற்குச் சமம் என்று மேலே சொன்னேன், ஆனால் தமிழின் ‘இருக்கிறது’ ஆங்கிலத்தின் “ஹாவ்” போகாத ஓர் இடத்துக்கும் போகும். காலையில் எழுந்து முற்றத்தைப் பார்க்கிறோம், மணல் நனைந்திருக்கிறது, முருங்கை இலைகளில் நீர் நிற்கிறது. உடனே “இரவு மழை பெய்திருக்கிறது” என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்து ஊகித்தோம் என்பதை அந்த ‘இருக்கிறது’ உணர்த்துகிறது. ‘இரவு’ என்ற முடிந்த பொழுது வசனத்தில் இருந்தும் தமிழ் அதைப் பொருட்படுத்துவதில்லை. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி “இட் ஹாஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்” என்று எழுதும்போது ஆங்கிலக் காது ஏற்றுக்கொள்வதில்லை. “இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்” என்று எழுதலாம், ஊகம் என்பதையும் காட்ட விரும்பினால் “இட் மஸ்ட் ஹாவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்” என்று எழுதலாம். ‘அவர் நேற்று வந்துவிட்டுப் போயிருக்கிறார்’, ‘போன மாதமே காசு கட்டியிருக்கிறான்’ என்று நாம் நாள்தோறும் பேசும் வசனங்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை ஆங்கிலமாக்கும்போது ‘இருக்கிறான்’ என்ற ஒலி காதில் விழுந்தவுடன் “ஹாஸ்” போடும் பழக்கமே நம்மவரின் பிழைகளில் பெரும் பங்குக்குக் காரணம்.

‘எப்போது’ என்ற கேள்வியும் இதே கணக்கில் சேரும். எப்போது என்று கேட்பவர் ஒரு முடிந்த பொழுதைச் சுட்டிக்காட்டும்படி கேட்கிறார், ஆகவே “வென் ஹாவ் யூ கம்?” என்பது பொருந்தாது, “வென் டிட் யூ கம்?” என்பதே பொருந்தும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வியே இது என்பதால், இதை மட்டுமாவது பிழையின்றிக் கேட்கப் பழகுவது நல்லது.

வசனத்தில் பொழுதின் பெயர் ஏதும் இல்லாமலேயே கதவு சாத்தப்பட்டிருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947இல் மறைந்தார். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார் என்பதை “விபுலானந்தா ஹாஸ் டோட் அட் அண்ணாமலை யுனிவர்சிட்டி” என்று எழுத முடியாது, “விபுலானந்தா டோட் அட் அண்ணாமலை யுனிவர்சிட்டி” என்றே எழுத வேண்டும். ஆண்டு எதையும் நாம் எழுதவில்லை, இருந்தாலும் அவருடைய வாழ்நாளே முடிந்த பொழுதாகிவிட்டது. இன்று உயிரோடு இருக்கும் ஒரு பேராசிரியரைப் பற்றி அவர் மூன்று பல்கலைக்கழகங்களில் கற்பித்திருக்கிறார் என்று சொல்வதானால் “ஹாஸ் டோட்” தாராளமாக வரும். பாடசாலை விழாக்களில் விபுலானந்தரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

இன்று, இந்தக் கிழமை, இந்த வருடம் போன்றவை இன்னும் முடியாத பொழுதுகள். ஆகவே அவற்றோடு “ஹாவ்” சேரும். “ஐ ஹாவ் சீன் த பிரின்சிபல் திஸ் மோர்னிங்” என்பதைக் காலை பத்து மணிக்குச் சொல்லலாம். பின்னேரம் மூன்று மணிக்கு அதே காலையைப் பற்றிப் பேசினால் “ஐ சோ த பிரின்சிபல் திஸ் மோர்னிங்” என்று மாறிவிடும். சொற்கள் அப்படியே இருக்க, மணிக்கூட்டு முள் நகர்ந்ததால் இலக்கணம் மாறுவது இந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

செய்தி சொல்லும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. மாரி மழையில் வாவி நிறைந்து தாழ்ந்த காணிகளுக்குள் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். அந்தச் செய்தியை அறிவிப்பவர் முதலில் “தே ஹாவ் ஓப்பன்ட் த லகூன் மௌத்” என்பார். முகத்துவாரம் இப்போது திறந்திருக்கிறது, தண்ணீர் இறங்கப் போகிறது என்பதே அதில் உள்ள தகவல். எப்போது, எப்படி என்ற விபரங்களுக்குப் போனதும் “தே ஓப்பன்ட் இட் அட் ஃபைவ் திஸ் மோர்னிங்” என்று இறந்தகாலத்துக்கு இறங்கிவிடுவார். முதல் வசனம் நிறைவு வடிவம், தொடரும் வசனங்கள் இறந்தகாலம் என்ற இந்த ஒழுங்கை ஆங்கிலப் பத்திரிகையின் எந்தப் பக்கத்திலும் காணலாம்.

காலமாக, முதல்

என் நேர்முகப் பரீட்சைப் பிழை இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வந்தது. அங்கே “ஹாவ்” வேண்டாத இடத்தில் நான் அதைப் போடவில்லை, வேண்டிய இடத்தில் விட்டுவிட்டேன். எங்கள் வகுப்புகளில் பலர் வேறு விதமாகப் பிழைப்பார்கள். ‘பன்னிரண்டு வருடமாக இங்கே வசிக்கிறேன்’ என்பதில் வினை நிகழ்காலத்தில் இருப்பதால், “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டுவெல்வ் இயர்ஸ்” என்று எழுதுவார்கள். இந்தச் சிறு வசனத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, வினை. அன்று தொடங்கி இன்றுவரை நீளும் ஒரு நிலையைத் தமிழ் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடும், நீளத்தைக் காட்டும் வேலையை ‘ஆக’ என்ற ஒட்டு பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த நீளத்தை வினையே காட்ட வேண்டும். ஆகவே “ஐ ஹாவ் லிவ்ட்” என்றோ, தொடர்ச்சியை அழுத்திச் சொல்வதானால் “ஐ ஹாவ் பீன் லிவிங்” என்றோ வரும். வசித்தல், வேலை செய்தல் போன்ற வினைகளில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதால் தொடக்கநிலையில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அறிதல் போன்ற வினைகள் “இங்” வடிவத்தை ஏற்காது. ‘அவரைச் சிறுவயது முதல் தெரியும்’ என்பது “ஐ ஹாவ் நோன் ஹிம் சின்ஸ் சைல்ட்ஹூட்” என்றே வரும்.

இரண்டாவது, “ஃபோர்” என்பதும் “சின்ஸ்” என்பதும். பன்னிரண்டு வருடமாக, மூன்று மணித்தியாலமாக, நெடுநாளாக என்று தமிழில் ‘ஆக’ ஒட்டுகிற அளவுகளுக்கு “ஃபோர்”. 1961 முதல், திங்கட்கிழமையிலிருந்து, திருமணம் முடித்த நாள்தொட்டு என்று தமிழில் ‘முதல்’ அல்லது ‘இருந்து’ ஒட்டுகிற தொடக்கப் புள்ளிகளுக்கு “சின்ஸ்”. இந்த ஒரு விடயத்தில் தமிழ் நமக்கு நல்ல வழிகாட்டி, ஒட்டைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தால் பிழையே வராது. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரிந்த செயலுக்கு இறந்தகாலம், அன்று முதல் தனியாக இருக்கும் நிலைக்கு நிகழ்கால நிறைவு. “அம்பாறை பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் நைன்டீன் சிக்ஸ்டி வன். இட் ஹாஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் நைன்டீன் சிக்ஸ்டி வன்.” ஒரே ஆண்டு இரண்டு வசனங்களிலும் வருகிறது. “இன்” அந்த ஆண்டுக்குள் நம்மைப் பூட்டி வைக்கிறது, “சின்ஸ்” அந்த ஆண்டிலிருந்து இன்றுவரை நடத்திக்கொண்டு வருகிறது. கல்லடியின் பழைய பாலத்தையும் இப்படியே சொல்லிப் பார்க்கலாம். அது 1924இல் திறக்கப்பட்டது, அன்று முதல் வாவியின் குறுக்கே நிற்கிறது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்து வாகனங்கள் அதற்கு மாறிய பிறகும் பழையது நின்றுகொண்டுதான் இருக்கிறது என்பதால் “இட் ஹாஸ் ஸ்டுட் தெயார் சின்ஸ் நைன்டீன் டுவென்டி ஃபோர்” என்று இன்றும் சொல்லலாம். ஒருநாள் அதைக் கழற்றிவிட்டால் அந்த “ஹாஸ்” சொல்லையும் கழற்ற வேண்டிவரும்.

போனவர் திரும்பினாரா?

தமிழில் ‘அண்ணன் கொழும்புக்குப் போயிருக்கிறார்’ என்றால் அவர் இப்போது வீட்டில் இல்லை. ‘அண்ணன் இரண்டு தடவை கொழும்புக்குப் போயிருக்கிறார்’ என்றால் அவர் போய்த் திரும்பியவர், இதைச் சொல்லும்போது பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டும் இருக்கலாம். ஒரே வினைமுற்று இரண்டுக்கும் உதவுகிறது. ஆங்கிலம் இங்கே கறாராகப் பிரிக்கிறது. திரும்பாதவருக்கு “ஹீ ஹாஸ் கோன் டு கொழும்பு”, திரும்பியவருக்கு “ஹீ ஹாஸ் பீன் டு கொழும்பு”. ஆகவே “ஐ ஹாவ் கோன் டு கொழும்பு” என்று ஒருவர் நம் முன்னே நின்று சொன்னால் அது விசித்திரமாகவே ஒலிக்கும். அனுபவத்தைக் கேட்கும் கேள்வியில் “எவர்” என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். “ஹாவ் யூ எவர் பீன் டு பாசிக்குடா?” என்றால் வாழ்நாளில் எப்போதாவது பாசிக்குடாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று பொருள். பதிலில் நாள் சொல்லத் தொடங்கியதும் “யெஸ், ஐ வென்ட் தெயார் லாஸ்ட் இயர்” என்று “வென்ட்” வந்துவிட வேண்டும்.

எதிர்மறையில் சிக்கல் வேறு விதமானது. ‘பஸ் வரவில்லை’ என்ற வசனத்தில் காலமே இல்லை. நேற்று வரவில்லை என்றாலும், இன்னும் வரவில்லை என்றாலும் வினை அதேதான். ஆங்கிலத்துக்கு மாற்றும் முன்னர் மனதுக்குள் ‘இன்னும்’ என்ற சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தினால் “த பஸ் ஹாஸ் நொட் கம் யெட்”, பொருந்தாவிட்டால் “த பஸ் டிட் நொட் கம்”. அதிகாலையில் அக்கரைப்பற்று பஸ்ஸுக்காகத் தரிப்பிடத்தில் நிற்பவர் முதலாவதைச் சொல்வார். அன்றைக்கு அது வராமலே போய், மறுநாள் அலுவலகத்தில் தாமதத்துக்குக் காரணம் கூறுபவர் இரண்டாவதைச் சொல்வார்.

‘ஏற்கனவே’ என்பதற்கு “ஓல்ரெடி”, ‘இப்போதுதான்’ என்பதற்கு “ஜஸ்ட்” ஆகியவை “ஹாவ்” சொல்லுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் இடையே அமரும். ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டால் நாம் ‘சாப்பிட்டேன்’ அல்லது ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்போம். வடிவத்தில் இரண்டுமே இறந்தகாலம். கேட்பவர் அறிய விரும்புவதோ இப்போது உங்களுக்குப் பசிக்கிறதா, சோறு போடவா என்பதை. ஆகவே ஆங்கிலத்தில் அது “ஹாவ் யூ ஈட்டன்?” “யெஸ், ஐ ஹாவ் ஓல்ரெடி ஈட்டன்” என்று ஆகிறது. அமெரிக்கப் படங்களில் “ஐ ஓல்ரெடி ஏட்” என்று கேட்டிருப்பீர்கள். அமெரிக்கர் இந்த இடத்தில் சாதாரண இறந்தகாலத்தைப் பயன்படுத்துவது வழக்கம், அவர்களுக்கு அது பிழையல்ல. நம் பாடசாலைகளில் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றிக் கற்பிப்பதால் பரீட்சையில் “ஹாவ்” போடுவதே பாதுகாப்பு.

ஒரு விடுமுறைக் கடிதம்

பின்னேர வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, பாடசாலைக்குக் கொடுப்பதற்காகத் தான் எழுதிய விடுமுறைக் கடிதத்தைத் திருத்தித் தரும்படி கேட்டாள். ஐந்து வசனங்கள்தான். முதலாவது, “ஐ ஹாவ் ஃபோலன் சிக் லாஸ்ட் சண்டே”. ‘போன ஞாயிறு’ இருக்கிறது, ஆகவே “ஐ ஃபெல் சிக்” என்று மாற்றினேன். இரண்டாவது, “ஐ ஹாவ் ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்”. மூன்று நாளாகக் காய்ச்சல் என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்லிவிடுகிறோம். அவள் எழுதிய “ஹாவ்” உடைமையைக் குறிக்கும் முழு வினை, துணைவினை அல்ல. அந்த முழு வினையையும் நிறைவு வடிவத்துக்கு மாற்றினால் “ஐ ஹாவ் ஹாட் ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்” என்று வரும். “ஹாவ்” இருக்கும்போது ஏன் மறுபடியும் “ஹாட்” என்று அவள் கேட்டாள். “ஹாவ் ஈட்டன்” என்பதில் “ஈட்டன்” எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் நிற்பது இந்த “ஹாட்” என்று காட்டியதும் தலையாட்டினாள்.

மூன்றாவது வசனம், திங்கட்கிழமை வைத்தியசாலைக்குப் போனதையும் மருந்து தந்ததையும் பற்றியது. “வென்ட்”, “கேவ்” என்று இரண்டையும் சரியாகவே எழுதியிருந்தாள். நான்காவது, “ஐ டிட் நொட் ரிகவர் யெட்”. ‘இன்னும் குணமாகவில்லை’ என்பதில் ‘இன்னும்’ இருக்கிறது, “யெட்” சொல்லையும் அவளே போட்டிருக்கிறாள், வினை மட்டும் பின்தங்கிவிட்டது. “ஐ ஹாவ் நொட் ரிகவர்ட் யெட்” என்று திருத்தினேன்.

ஐந்தாவது, “மை மதர் ஹாஸ் ஸ்போக்கன் டு த கிளாஸ் டீச்சர்”. அதில் நான் கை வைக்கவில்லை. அவள் கடிதத்தை வாங்கி ஒரு தடவை வாசித்துவிட்டு, அம்மா நேற்றுத்தான் பேசினா, “யெஸ்டர்டே” என்று கடைசியில் சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்க்கலாம், ஆனால் “ஹாஸ் ஸ்போக்கன்” என்பதை “ஸ்போக்” என்று மாற்ற வேண்டும் என்றேன். பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தாள். “அப்ப நேத்து எண்டத விடுவம் சேர். அம்மா கதைச்சது ரீச்சருக்கு இப்ப தெரியுந்தானே” என்று சொல்லி, வசனத்தை எழுதியபடியே விட்டுவிட்டுக் கடிதத்தை மடித்தாள்.